டிராக்டர் கியர் ஆயிலை எப்போது மாற்ற வேண்டும்?

டிராக்டர் வைத்திருக்கும் விவசாயிகள் என்ஜின் ஆயிலை மாற்ற மறப்பதில்லை. ஆயில் கறுத்துப் போவது கண்ணுக்குத் தெரிகிறது, மெக்கானிக்கும் நினைவூட்டுகிறார், சில லிட்டர் ஆயிலோடு வேலையும் முடிந்துவிடுகிறது. ஆனால் ஓட்டுபவரின் இருக்கைக்குக் கீழே, கியர் பெட்டியிலும் பின் அச்சிலும் கிடக்கும் ஆயிலைப் பற்றிப் பலர் நினைப்பதே இல்லை. "அது எங்கே போய்விடப் போகிறது?" என்று ஆண்டுக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். குறைந்தால் கொஞ்சம் ஊற்றுவதோடு சரி.

இதற்குக் காரணம் உண்டு. டிராக்டரின் ரகத்தையும் அளவையும் பொறுத்து இந்த ஆயில் பெரும்பாலும் 20 லிட்டருக்குக் குறையாமல் பிடிக்கும். பெரிய வண்டிகளுக்கு 50 லிட்டருக்கு மேலும் தேவைப்படும். ஒரே நாளில் இவ்வளவு ஆயில் வாங்குவது சிறு விவசாயிக்குச் சுமைதான். ஆகவே "அடுத்த போகம் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப் போடுகிறார்கள்.

தள்ளிப் போடுவதால் வரும் நஷ்டமோ பல மடங்கு பெரிது. கியர் பெட்டியில் ஒரு பேரிங் போனால்கூட டிராக்டரை நடுவில் இரண்டாகப் பிரித்துத்தான் வேலை பார்க்க வேண்டும். வண்டி பட்டறையில் பல நாள் நிற்கும். அதுவும் அநேகமாக உழவு மும்முரமாக நடக்கும் சமயத்தில்தான் நடக்கும். சொந்த நடவு தள்ளிப் போகும். வாடகை வருமானம் நிற்கும். வங்கித் தவணை மட்டும் நிற்காது. எனவே கியர் ஆயிலை எப்போது மாற்ற வேண்டும் என்பதைத் தெரிந்து வைத்திருப்பது அவசியம்.

ஒரே ஆயில், பல வேலைகள்

முற்காலத்து டிராக்டர்களில் கியர் பெட்டிக்கு ஒரு வேலைதான் இருந்தது. என்ஜினின் வேகத்தைக் குறைத்து, இழுவைச் சக்தியைக் கூட்டிப் பின் சக்கரத்துக்கு அனுப்புவதே அந்த வேலை. இங்கிலாந்தில் ஹாரி பெர்குசன் என்பவரின் டி.இ.20 ரக டிராக்டர் 1946-ம் ஆண்டு வெளிவந்தது. அதில் கலப்பையைத் தூக்கி இறக்கும் ஹைட்ராலிக் பம்பு, பின் அச்சுக் கூட்டுக்குள் இருக்கும் ஆயிலிலேயே அமர்த்தப்பட்டிருந்தது. கியருக்கு உள்ள ஆயிலே லிப்டுக்கும் உதவியது. இன்று நம் வயல்களில் ஓடும் டிராக்டர்களில் பல இந்த வழியைப் பின்பற்றியவை.

இப்படி ஒரே கூட்டில் உள்ள ஆயிலுக்குப் பல வேலைகள் உண்டு. பல்சக்கரங்களும் பேரிங்குகளும் தேயாமல் காக்கிறது. உராய்வினால் உண்டாகும் சூட்டை வெளிச் சுவருக்கு எடுத்துச் செல்கிறது. பம்பினால் அழுத்தப்பட்டு லிப்டைத் தூக்குகிறது. புதிய டிராக்டர்களில் பிரேக் தட்டுகளும் ஆயிலுக்குள்ளேயே மூழ்கியிருக்கின்றன. அவற்றைக் குளிர்விப்பதும் இதே ஆயில்தான்.

ஆகவே ஆயில் கெட்டால் கியர் மட்டும் பழுதாவதில்லை. லிப்டும் பிரேக்கும் சேர்ந்தே பாதிக்கப்படுகின்றன. சில டிராக்டர்களில் லிப்டுக்குத் தனி ஆயில் தொட்டி இருக்கும். சிலவற்றில் பின் சக்கரத்தின் அருகே உள்ள கியர்களுக்கும் தனி ஆயில் இருக்கும். தம் வண்டி எந்த வகை என்பதை உரிமையாளர் கையேட்டைப் பார்த்தோ, டீலரிடம் கேட்டோ முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆயில் ஏன் கெடுகிறது?

ஆயில் கெடுவதற்கு முக்கியமாக நான்கு காரணங்கள் உண்டு.

முதலாவது சூடு. ரோட்டவேட்டர் ஓட்டும்போதும், பாரம் ஏற்றிய டிரெய்லரை நெடுந்தூரம் இழுக்கும்போதும் கியர் பெட்டி நன்றாகச் சூடேறும். சூடும் காற்றும் சேர்ந்தால் ஆயில் நாளடைவில் தடித்துப் பிசின் போன்ற கசடு படியும்.

இரண்டாவது இரும்புத் தூள். பல்லோடு பல் உராயும் இடத்தில் மிக நுண்ணிய துகள்கள் உதிர்வது இயற்கை. அவை ஆயிலோடு சுற்றிச் சுற்றி வந்து, உப்புத்தாள் தேய்ப்பதைப் போல மற்றப் பாகங்களையும் தேய்க்கும். ஹைட்ராலிக் பம்பில் பாகங்களுக்கு இடையே உள்ள இடைவெளி மிக மிகச் சிறியது. அங்கே இந்தத் தூள் போனால் பம்பு சீக்கிரம் வலுவிழக்கும்.

மூன்றாவது, ஆயிலில் கலந்திருக்கும் மருந்துச் சத்து தீர்ந்து போவது. துரு பிடிக்காமலும் நுரைக்காமலும் பல் தேயாமலும் இருக்கக் கம்பெனிகள் ஆயிலில் சில இரசாயனங்களைச் சேர்க்கின்றன. நாளாக ஆக அவை வேலை செய்து தீர்ந்துவிடும். ஆயில் பார்ப்பதற்கு நன்றாகவே இருக்கும். ஆனால் சத்து இருக்காது. குறைந்த அளவுக்குப் புது ஆயில் ஊற்றினால் அளவு சரியாகுமே தவிர, உள்ளே கிடக்கும் தூளும் கசடும் அப்படியேதான் இருக்கும்.

நான்காவது தண்ணீர். நெல் விவசாயிகள் எல்லாவற்றையும்விட அஞ்ச வேண்டியது இதற்குத்தான்.

மணிக் கணக்கு

காருக்குக் கிலோ மீட்டர் கணக்கு. டிராக்டருக்கு மணிக் கணக்கு. நம் நாட்டில் ஓடும் பல டிராக்டர்களுக்குக் கியர் ஆயிலைச் சுமார் 1,000 மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்றும்படி சொல்லப்படுகிறது. சில ரகங்களுக்கு இதைவிட அதிகமாகவும், சிலவற்றுக்குக் குறைவாகவும் இருக்கலாம். பக்கத்து வயல்காரரின் வண்டிக்குச் சொன்ன கணக்கு தம் வண்டிக்கும் பொருந்தும் என்று எண்ணிவிடக் கூடாது. கையேட்டில் உள்ளதே சரியான கணக்கு.

புது வண்டி விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. புதுப் பல்சக்கரங்கள் ஒன்றோடொன்று பழகும்வரை தூள் அதிகமாக உதிரும். எனவே முதல் சர்வீஸின்போது சில வண்டிகளுக்கு ஆயிலையே மாற்றுகிறார்கள். சிலவற்றுக்குப் பில்டரையோ சல்லடையையோ மட்டும் கவனிக்கிறார்கள். முதல் சர்வீஸைத் தட்டிக் கழிக்கக் கூடாது. பிற்பாடு உத்தரவாதம் கேட்கும்போது சர்வீஸ் சீட்டும் பில்லும்தான் சாட்சி.

ஒரு சிறு விவசாயி ஆண்டுக்கு 40 நாள், நாளுக்கு 8 மணி வீதம் டிராக்டரை ஓட்டுவதாக வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 320 மணி ஆகிறது. 1,000 மணி ஓட மூன்று ஆண்டுக்கு மேல் ஆகும். வாடகைக்கு ஓட்டுபவரோ 120 நாள், நாளுக்கு 10 மணி ஓட்டினால் ஒரே ஆண்டில் 1,200 மணி வந்துவிடும். ஆகவே ஆண்டுக்கு ஒரு முறை என்று பொதுவாகச் சொன்னால் முன்னவருக்கு அது சீக்கிரமாகத் தோன்றும், பின்னவருக்குத் தாமதமாகிவிடும்.

ஆனால் குறைவாக ஓடும் வண்டி என்பதால் பல ஆண்டுகள் விட்டுவிடவும் கூடாது. சும்மா நிற்கும் வண்டியிலும் பகல் சூட்டிலும் இரவுக் குளிரிலும் உள்ளே காற்று வியர்த்து, ஈரம் ஆயிலில் சேரும். கையேட்டில் மணியோடு மாதமோ ஆண்டோ குறித்திருந்தால், எது முந்துகிறதோ அதன்படி மாற்ற வேண்டும். கால வரம்பு தெரியாத பழைய வண்டிகளில் இரண்டு ஆண்டுக்கு மேல் விடாமல் இருப்பது நல்லது.

மணி காட்டி ஓடாவிட்டால்?

பழைய டிராக்டர்கள் பலவற்றில் மணி காட்டும் மீட்டர் வேலை செய்வதில்லை. வேலை செய்தாலும், கேபிள் மூலம் இயங்கும் பழைய மீட்டர்கள் என்ஜினின் சுழற்சியைத்தான் எண்ணுகின்றன. குறிப்பிட்ட ஒரு வேகத்தில் ஓடும்போது மட்டுமே அவை கடிகாரத்தோடு ஒத்துப் போகும். வண்டி மெதுவாக ஓடினால் மீட்டரும் மெதுவாகவே ஓடும். மின்சாரத்தால் இயங்கும் புதிய மீட்டர்களில் பெரும்பாலானவை கடிகார மணியையே காட்டும்.

மீட்டர் இல்லாதவர்கள் டீசலைக் கொண்டு கணக்கிடலாம். டாங்கியை நிரப்பிக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்து 5 மணி நேரம் வழக்கமான வேலை செய்துவிட்டு மறுபடி நிரப்ப வேண்டும். 20 லிட்டர் பிடித்தால் மணிக்கு 4 லிட்டர் என்று பொருள். ஆண்டில் 1,600 லிட்டர் டீசல் போட்டிருந்தால் வண்டி சுமார் 400 மணி ஓடியிருக்கிறது. வீட்டில் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு டீசல் பில்லை எழுதி வந்தாலே போதும்.

சேற்றுழவும் தண்ணீரும்

மேலே சொன்ன மணிக் கணக்கு எல்லாம் ஆயிலில் தண்ணீர் சேராத வரைதான். தண்ணீர் சேர்ந்துவிட்டால் ஆயில் ஊற்றி 1,000 மணி ஆனாலும் சரி, 10 மணி ஆனாலும் சரி, அதை உடனே மாற்றியாக வேண்டும்.

மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. தண்ணீர் வந்து சேர்ந்ததும் டெல்டாவில் குறுவைச் சேற்றுழவு தொடங்கும். பிறகு சம்பா, தாளடி என்று தொடரும். கேஜ் வீல் மாட்டிய டிராக்டர்கள் நாள் முழுவதும் சேற்றிலேயே கிடக்கும். உளையான வயலில் பின் அச்சு மூழ்கும் அளவுக்குக்கூட வண்டி இறங்கிவிடுவது உண்டு. ஏரிப் பாசன வயல்களிலும் இதே நிலைதான்.

தண்ணீர் பல வழிகளில் உள்ளே போகும். முதல் வழி, பின் அச்சின் ஆயில் சீல். வைக்கோல், வேர், நைலான் கயிறு ஆகியவை அச்சில் சுற்றிக்கொண்டு சீலின் ரப்பரை அறுத்துவிடும். உள்ளேயிருந்து ஆயில் வெளியே கசியும் சீல், வெளியேயிருந்து தண்ணீரை உள்ளே விடவும் செய்யும். இரண்டாவது வழி, பிரீதர் எனப்படும் காற்றுத் துவாரம். மூன்றாவது, கியர் கம்பியின் அடியில் உள்ள ரப்பர் உறை. நான்காவது, சரியாக மூடாத ஆயில் மூடியும் அளவுக் குச்சியும். பம்பு வைத்து வேகமாகத் தண்ணீர் பீய்ச்சி வண்டியைக் கழுவும்போதும் இந்த இடங்களில் தண்ணீர் புகுந்துவிடும்.

இன்னொரு விஷயத்தையும் கவனிக்க வேண்டும். சாலையில் ஓடிச் சூடேறிய கியர் பெட்டி, குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கும். அப்போது பெட்டி வெளியேயிருந்து காற்றை உறிஞ்சும். பிரீதர் அடைத்துக் கிடந்தால் காற்றுக்குப் பதில் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே பிரீதரைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும். தூரத்திலிருந்து ஓட்டி வந்த வண்டியைக் கரையில் சற்று ஆறவிட்டு இறக்குவது நல்லது.

பல டிராக்டர்களில் கிளட்ச் இருக்கும் கூட்டின் அடியில் ஒரு துவாரம் உண்டு. சேற்றுழவுக்கு முன் அதைப் பிளக் போட்டு அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் சேறு கிளட்சுக்குள் போய்விடும். உழவு முடிந்ததும் அந்தப் பிளக்கை மறக்காமல் கழற்றிவிட வேண்டும். கழற்றிய பின் அந்தத் துவாரம் வழியாக ஆயில் சொட்டினால் உள்ளே ஏதோ ஒரு சீல் போயிருக்கிறது என்று அறிந்துகொள்ளலாம். பிளக்கைக் கழற்றாமல் விட்டால் கசியும் ஆயில் உள்ளேயே தேங்கிக் கிளட்சை நனைக்கும்.

சோதிப்பது எப்படி?

சேற்றுழவு நாட்களில் தினமும் காலையில், வண்டியை ஸ்டார்ட் செய்வதற்கு முன், கியர் ஆயிலைப் பார்ப்பது நல்லது. மற்ற நாட்களில் வாரம் ஒரு முறை பார்த்தால் போதும்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, லிப்டைத் தரையில் இறக்கிவிட வேண்டும். லிப்ட் தூக்கியிருந்தால் ஆயிலில் ஒரு பகுதி சிலிண்டரில் தங்கி அளவு குறைவாகக் காட்டும். குச்சியை உருவுமுன் சுற்றிலும் உள்ள மண்ணைத் துடைத்துவிட வேண்டும். துடைக்காமல் உருவினால் மண் உள்ளே விழும்.

நல்ல ஆயில் தெளிவாக இருக்கும். பால் கலந்த காப்பியைப் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருப்பதாகச் சந்தேகிக்க வேண்டும். ஓடி நின்ற உடனே பார்த்தால் காற்றுக் குமிழிகளாலும் சற்று வெளுத்துத் தெரியும். இரண்டுக்கும் வித்தியாசம் காண, கொஞ்சம் ஆயிலை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து இரவு முழுவதும் அசையாமல் வைக்க வேண்டும். காற்றுக் குமிழியாக இருந்தால் காலையில் தெளிந்துவிடும். தண்ணீராக இருந்தால் அடியில் தங்கி நிற்கும். அல்லது ஆயில் தெளியாமல் வெளுத்தே இருக்கும்.

இன்னும் உறுதி வேண்டுமானால், சமையலுக்கு உதவாத ஒரு பழைய இரும்புத் தகட்டைச் சூடாக்கி, நெருப்பிலிருந்து இறக்கி வைத்து, அதில் இரண்டு சொட்டு ஆயிலை விட்டுப் பார்க்கலாம். தண்ணீர் இருந்தால் கடுகு தாளிப்பது போலப் படபடவென்று வெடிக்கும். வெறும் ஆயில் சத்தமின்றிப் புகையும். இதைத் திறந்த வெளியில், முகத்தை விலக்கிக்கொண்டு, குழந்தைகளை அண்டவிடாமல் செய்ய வேண்டும்.

ஆயிலை இரு விரல்களுக்கிடையே தேய்த்தும் பார்க்கலாம். நெருநெருவென்று இருந்தால் மண்ணோ இரும்புத் தூளோ சேர்ந்திருக்கிறது. தீய்ந்த வாடை வந்தால் அதிகச் சூட்டில் ஆயில் கெட்டிருக்கிறது.

வண்டியின் ஓட்டத்திலும் சில அடையாளங்கள் தெரியும். லிப்ட் மெதுவாகவோ விட்டு விட்டோ தூக்குவது, தூக்கும்போது பம்பு முனகுவது, கியர் எளிதில் விழாமல் முரண்டு பிடிப்பது, ஆயிலில் மூழ்கிய பிரேக்கை மிதித்தால் சத்தம் போடுவது ஆகியவை கண்டால் முதலில் ஆயிலின் அளவையும் தரத்தையும் பில்டரையும் பார்க்க வேண்டும். ஆயிலும் பில்டரும் மாற்றினாலே சரியாகிவிடக்கூடிய கோளாறுக்கு, பார்க்காமலேயே பம்பை மாற்றிப் பணத்தை வீணாக்க வேண்டியதில்லை.

எந்த ஆயில்?

உலர்ந்த பிரேக் உள்ள பழைய டிராக்டர்கள் பலவற்றுக்கு 90 நம்பர் கியர் ஆயில் போடப்பட்டு வந்தது. பிரேக் ஆயிலில் மூழ்கியிருக்கும் வண்டிகளுக்கு அது பொருந்தாது. அவற்றுக்குக் கியர், ஹைட்ராலிக், பிரேக் மூன்றுக்கும் ஏற்றவாறு தயாரான யூ.டி.டி.ஓ. வகை ஆயில் தேவை. கடையில் வெட் பிரேக் ஆயில் என்று கேட்டாலும் கொடுப்பார்கள். இதற்குப் பதில் வெறும் கியர் ஆயிலையோ என்ஜின் ஆயிலையோ ஊற்றினால் பிரேக் அலறும். சரியாகப் பிடிக்காமலும் போகலாம். பாரம் ஏற்றிய டிரெய்லரோடு பாலத்து இறக்கத்தில் வரும்போது பிரேக் பிடிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து.

கியர் ஆயிலிலும் ஜி.எல்.4, ஜி.எல்.5 என்று வகைகள் உண்டு. எண் பெரிதாக இருப்பதால் உயர்ந்தது என்று எண்ணி மாற்றி ஊற்றக் கூடாது. ஜி.எல்.5 ஆயிலில் உள்ள சில இரசாயனங்கள் பித்தளை, வெண்கலப் பாகங்களை அரிக்கக்கூடும். கையேட்டில் எது குறித்திருக்கிறதோ அதையே வாங்க வேண்டும். முத்திரை பிரிக்காத டின்னாக வாங்கி, பில்லைப் பத்திரப்படுத்துவது நல்லது. இரண்டு வகை ஆயில்களைக் கலந்து ஊற்றவும் கூடாது.

ஹைட்ராலிக் டிப்பர் டிரெய்லர் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். டிரெய்லரின் ஜாக்கி டிராக்டரின் ஆயிலைக்கொண்டுதான் தூக்குகிறது. பிறருடைய டிரெய்லரை மாட்டினால், அதில் தங்கியிருந்த வேறு வகை ஆயிலும் அழுக்கும் தம் வண்டிக்குள் வந்து சேரும். டிரெய்லரைக் கழற்றிய பின் ஆயில் அளவைப் பார்க்க வேண்டும். குழாய் முனைகளைத் துடைத்துவிட்டு மாட்டுவதும், கழற்றியபின் மூடி வைப்பதும் மிகவும் அவசியம்.

மாற்றும் முறை

வேலை முடிந்து வந்து, ஆயில் வெதுவெதுப்பாக இருக்கும்போது வடிக்க வேண்டும். அப்போதுதான் தூளும் கசடும் சேர்ந்து வெளியேறும். கொதிக்கும் ஆயில் கையைப் பொசுக்கிவிடும் என்பதால் சற்று ஆறவிட வேண்டும். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, லிப்டை முழுவதும் இறக்கிவிட வேண்டும்.

அடியில் ஒன்றுக்கு மேற்பட்ட வடிகால் பிளக்குகள் இருக்கும். ஒன்றை மட்டும் கழற்றினால் பழைய ஆயிலில் பாதி உள்ளேயே நின்றுவிடும். எல்லாவற்றையும் கழற்றி, சொட்டு நிற்கும்வரை விட வேண்டும். சில பிளக்குகளில் காந்தம் இருக்கும். அதில் மை போன்ற மெல்லிய பசை ஒட்டியிருந்தால் பயமில்லை. சில்லு சில்லாக இரும்புத் துண்டுகளோ, பல் உடைந்த துணுக்கோ இருந்தால் புது ஆயில் ஊற்றுவதற்கு முன் நல்ல மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். அந்தத் துண்டுகளைக் காகிதத்தில் மடித்து வைத்துக்கொண்டால் எந்தப் பாகம் பழுது என்று அவர் கண்டுகொள்வார்.

பில்டரைப் புதிதாகப் போட வேண்டும். கம்பிச் சல்லடையாக இருந்தால் கழுவி உலர்த்தி மாட்டலாம். பிளக்குகளின் வாஷர் நசுங்கியிருந்தால் மாற்றிவிட வேண்டும். கியர் பெட்டிக்குள் மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவும் பழக்கம் சிலரிடம் உண்டு. இது நல்லதல்ல. மூலை முடுக்குகளில் தங்கும் மண்ணெண்ணெய் புது ஆயிலை நீர்த்துப் போகச் செய்யும். தண்ணீர் கலந்து கெட்ட ஆயிலாக இருந்தால், அதே வகை ஆயிலைக் குறைந்த அளவு ஊற்றி, பாரமில்லாமல் சில நிமிடம் மெதுவாக ஓடவிட்டு வடித்துவிடலாம்.

தண்ணீர் வந்த வழியை அடைக்காமல் புது ஆயில் ஊற்றுவது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவதற்குச் சமம். சீல், ரப்பர் உறை, மூடி ஆகியவற்றைச் சரி செய்த பிறகே ஊற்ற வேண்டும்.

சுத்தமான புனலில் சல்லடை வைத்து ஊற்றி, என்ஜினை ஓடவிட்டு லிப்டைச் சில முறை ஏற்றி இறக்கி, நிறுத்திச் சற்று நேரம் கழித்து மறுபடி அளவு பார்க்க வேண்டும். அளவு குறைந்தால் பம்பு காற்றை இழுக்கும். அதிகமானால் ஆயில் நுரைத்துச் சூடேறும். சீல் வழியே கசிந்து உலர்ந்த பிரேக்கை நனைக்கவும் கூடும். மாற்றிய தேதி, மீட்டரில் காட்டிய மணி, ஆயிலின் பெயர் ஆகிய மூன்றையும் நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும்.

செலவுக் கணக்கு

40 லிட்டர் ஆயில் 1,000 மணி நேரத்துக்கு வருகிறது என்றால், மணிக்கு 40 மில்லி லிட்டர் ஆயில் செலவாகிறது. மணிக்கு 4 லிட்டர் டீசல் குடிக்கும் வண்டிக்கு இது நூற்றில் ஒரு பங்கு. ஆயிலின் விலை டீசலைப் போல மூன்று மடங்கு என்று வைத்துக்கொண்டாலும், 100 ரூபாய்க்கு டீசல் போடும்போது 3 ரூபாய் கியர் ஆயிலுக்காக ஒதுக்கினால் போதும். டீசல் போடும் ஒவ்வொரு தடவையும் இந்தத் தொகையைத் தனியே எடுத்து வைத்து வந்தால், மாற்றும் நாளில் கடன் வாங்க வேண்டியிருக்காது. வாடகைக்கு ஓட்டுபவர்கள் மணி வாடகையைத் தீர்மானிக்கும்போதே இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பழைய வண்டி வாங்குவோருக்கு

பழைய டிராக்டர் வாங்கும் விவசாயிகள் பெயிண்டையும் டயரையும் பார்த்து மயங்கிவிடக் கூடாது. கியர் ஆயில் குச்சியை உருவிப் பார்க்க வேண்டும். ஆயில் வெளுத்திருந்தால் பேரிங்குகளும் பல்சக்கரங்களும் உள்ளே துருவேறியிருக்கக்கூடும். விலை பேசும்போது இதை மனத்தில் வைக்க வேண்டும். நேற்றுத்தான் ஊற்றியது போலப் புத்தம் புது ஆயில் இருந்தாலும் ஏன் மாற்றினார்கள் என்று கேட்க வேண்டும். வடிகால் பிளக்கைச் சற்றே தளர்த்திப் பார்த்தால் அடியில் தங்கிய தண்ணீர் முதலில் சொட்டும். முன்பு எந்த ஆயில் ஊற்றினார்கள் என்று தெரியாத வண்டியை வாங்கினால், வீட்டுக்கு ஓட்டி வந்ததும் எல்லா ஆயிலையும் மாற்றிக் கணக்கைப் புதிதாகத் தொடங்குவதே சிறந்தது.

பவர் டில்லர் வைத்திருப்பவர்களுக்கும் மேலே சொன்னவை பொருந்தும். அது டிராக்டரைவிடத் தாழ்வாக இருப்பதால் சேற்றில் இன்னும் ஆழமாக மூழ்கும். அதன் கியர் பெட்டிக்கும் ரோட்டரிப் பகுதிக்கும் தேவையான ஆயில் குறைவு. மாற்றும் செலவும் குறைவு.

கழிவு ஆயிலை என்ன செய்வது?

வடித்த ஆயிலை வாய்க்காலிலோ வரப்பிலோ ஊற்றக் கூடாது. அது மண்ணில் ஊறிக் கிணற்று நீரைக் கெடுக்கும்; வயல் நீரில் படலமாகப் பரவும். மாட்டின் புண்ணில் தடவுவதும், அடுப்பில் எரிப்பதும் கெடுதல். 2016-ம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளில் கழிவு ஆயிலும் சேர்க்கப்பட்டுள்ளது. மூடி போட்ட டின்னில் சேர்த்து வைத்து, கழிவு ஆயிலை முறையாகச் சேகரிக்கும் சர்வீஸ் நிலையத்திலோ, அனுமதி பெற்ற சேகரிப்பாளரிடமோ கொடுத்துவிட வேண்டும்.

சேற்றுழவு தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பு சீல், பிரீதர், ரப்பர் உறை ஆகியவற்றைப் பார்த்து, கிளட்ச் கூட்டின் பிளக்கைப் போட வேண்டும். உழவு முடிந்த மறுநாள் பிளக்கைக் கழற்றி, குச்சியை உருவி, பாட்டிலில் ஆயிலைப் பிடித்து வைத்துப் பார்க்க வேண்டும். ஆயில் தெளிவாக இருந்தால் மணிக் கணக்குப்படி ஓட்டலாம். வெளுத்திருந்தால் வண்டியை அப்படியே கொட்டகையில் நிறுத்தி வைக்கக் கூடாது. அடுத்த உழவு வரும்வரை வண்டி சும்மா நிற்கும் நாட்களில்தான் உள்ளே துரு ஏறும்; ஆகவே அந்த வாரத்திலேயே ஆயிலை மாற்றிவிட வேண்டும்.